நகுலேஸ்வரி காவல் காத்த மண்

நகுலேஸ்வரிக்கு வாய் நீளம் என்று தென் லண்டனில் அவளைத் தெரிந்த எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் ஒரு மனிதர் வெறுங்கையோடு மண்ணுக்குள் போயிருப்பார். இந்தக் கதையும் நமக்குக் கிடைத்திருக்காது.

வயது ஐம்பத்தெட்டு. குள்ளமான உடம்பு, வேகமான நடை. கிழமையில் ஐந்து நாள் விடியவெள்ளென எழும்பி மிச்சம் ஜங்ஷனில் ரயில் ஏறுவாள். அந்த ரயில் நகரத்தின் தெற்கிலிருந்து வடக்குவரை ஊர்ந்து போய் அவளை ஹெண்டனில் இறக்கிவிடும். அங்கே யூத முதியவர்களுக்கான பராமரிப்பு இல்லம் ஒன்றில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறாள். வந்த புதிதில், இறைச்சிக்கு ஒரு நிறத் தட்டு, பாலுக்கு வேறொரு நிறத் தட்டு, இரண்டையும் ஒரே தொட்டியில் கழுவவும் கூடாது என்று சொன்னபோது மற்றப் புதுப் பெண்களெல்லாம் முழித்தார்கள். நகுலேஸ்வரி முழிக்கவில்லை. "எங்கட வீட்டிலயும் மீன் இறைச்சி காய்ச்சுற மச்சச் சட்டி வேற, வெள்ளிக்கிழமை மரக்கறிச் சட்டி வேற," என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த இல்லத்தில் எல்லாரும் பேசுவது ஆங்கிலம். ஆனால் நகுலேஸ்வரி வீட்டுக்கு வந்து நடந்ததைத் திருப்பிச் சொல்லும்போது வியன்னாவில் பிறந்தவரும் மான்செஸ்டரில் பிறந்தவரும் சுத்த யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைப்பார்கள். நாமும் அப்படியே கேட்டுக்கொள்வோம், அதில் ஒரு குறையும் வராது.

கதையின் நாயகர் கிரன்பெல்ட். நகுலேஸ்வரி அவரை 'ஐயா' என்பாள். ஏழு வருடத்துக்கு முன் இல்லத்துக்கு வந்தார். நீளக் கறுப்புக் கோட்டு, மார்பு வரை வெள்ளைத் தாடி. மார்க்க வழக்கப்படி அந்நியப் பெண்களின் முகத்தைப் பார்க்கமாட்டார், கை கொடுக்கமாட்டார். குளிக்கவார்ப்பது, உடுப்பு மாற்றுவதெல்லாம் ஆண் பணியாளர்கள். நகுலேஸ்வரியின் பங்கு சாப்பாட்டுத் தட்டு, மருந்துக் குளிசை, படுக்கை விரிப்பு. அவள் அறைக்குள் நிற்கும்போது கதவு ஒரு அடியாவது திறந்திருக்க வேண்டும். அவர் சுவரைப் பார்த்தபடிதான் பேசுவார். முதல் மாதம் அவளுக்கு அது அவமானமாக இருந்தது. பிறகுதான், சுவரைப் பார்த்துக்கொண்டே இந்த மனிதர் தன்னோடு எவ்வளவு கதைக்கிறார் என்பதைக் கவனித்தாள். வீட்டில் ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒன்றும் கதைப்பதில்லை.

வீட்டிலிருப்பவர் அவள் கணவர் இராஜேந்திரன். மிச்சம் பகுதியில் ஒரு மூலைக்கடை வைத்திருக்கிறார். பேப்பர் விற்கிறவர் என்பதால் உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. தலைப்புகளை மட்டும் வாசித்துவிட்டுப் பகல் முழுவதும் தீர்ப்புச் சொல்வார். காசாவில் போர் தொடங்கியபின் அவருடைய தீர்ப்புகளுக்கு ஓய்வே இல்லை.

"யூதர் எண்டால் இஸ்ரேல், இஸ்ரேல் எண்டால் யூதர். இதில விளங்கிறதுக்கு என்ன கிடக்கு?" என்பார்.

நகுலேஸ்வரியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அந்த நினைப்புத்தான் அவளை முதலில் குழியில் தள்ளியது.

ஒரு வருடம் வைகாசி மாதம் இல்லத்தில் இஸ்ரேலின் சுதந்திர தினம் கொண்டாடினார்கள். பெரிய அறை முழுக்க நீலமும் வெள்ளையுமாகப் பலூன்கள். கிரன்பெல்ட் கிழவர் அறையை விட்டு வரவில்லை. பாவம், தனியாக இருக்கிறாரே என்று நகுலேஸ்வரி அவருடைய மத்தியானச் சாப்பாட்டுத் தட்டில், பாண் துண்டுக்கு நடுவில் ஒரு சின்னக் காகிதக் கொடியைக் குத்திக் கொண்டுபோய் வைத்தாள். அவர் பார்த்தார். தட்டைத் தூக்கினார். தொண்ணூறு வயதுக் கைகளால் அதைக் கதவுக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். அன்று முழுக்கப் பச்சைத்தண்ணீர் மட்டும்தான்.

அடுத்த நாள் அவராகவே சுவரிடம் தொடங்கினார்.

"பிள்ளை, எங்கட மார்க்கத்துக்கு மூவாயிரம் வருசத்துக்கு மேல. சியோனிசத்துக்கு நூற்றி முப்பது வருசம். என்னத்தைச் சாப்பிடுறது, எந்த நாளில வேலையை நிப்பாட்டுறது, அயலவனை எப்பிடி நடத்திறது, கடவுளுக்கு முன்னால எப்பிடி நிக்கிறது, இதுதான் மார்க்கம். மற்றது அரசியல். யூதருக்கு ஒரு நாடு வேணும், அதை நாங்களே கட்டுவம் எண்டு மனிசர் துவங்கின இயக்கம். எங்களை அந்த நிலத்தில இருந்து அனுப்பினது கடவுள். கூட்டிக்கொண்டு போறதும் அவர்தான். அவர் அனுப்புற மெசியா வருமட்டும் நான் ஹெண்டனில இருப்பன்."

"அப்ப எல்லா யூதரும் உங்களை மாதிரியே நினைக்கினம், ஐயா?"

"இல்லை. என்னை மாதிரி நினைக்கிற ஆக்கள் கொஞ்சப்பேர்தான். பக்கத்து அறையில போய்க் கேள், நல்ல பூசை கிடைக்கும்."

பக்கத்து அறை மிஸிஸ் லெவினுடையது. எண்பத்தெட்டு வயது, சிவப்பு உதட்டுச்சாயம், மனதில் பட்டதை அப்படியே போட்டு உடைக்கும் மனுஷி. கும்பிடுவதில்லை. வருடத்தில் ஒரேயொரு பெரிய நோன்பு நாளிலும் பாண் வாட்டிச் சாப்பிடுவார். அவர் ஜன்னலில் அந்த நீல வெள்ளைக் கொடி எப்போதும் நிற்கும்.

"எனக்குக் கடவுளைப் பற்றித் தெரியாது, நகுலா," என்றார் மிஸிஸ் லெவின். "என்ர அம்மாவின்ர பக்கத்தில முப்பத்தொரு பேர், எல்லாரையும் அந்த யுத்தத்தில கொலை செய்தவங்கள். எத்தினை நாட்டுக் கதவைத் தட்டிப்பாத்தவை தெரியுமோ? ஒண்டும் திறக்கேல்லை. எங்களுக்கெண்டு ஒரு கதவு வேணும், உள்ளுக்கிருந்து நாங்களே திறக்கிற கதவு. அதுதான் என்ர சியோனிசம். அங்க இப்ப நடக்கிற எல்லாத்துக்கும் நான் கை தட்டுறன் எண்டு நினைச்சிடாதை. ஆனா கிழவன் கடவுளுக்காகக் காத்திருக்கச் சொல்லுறார். என்ர மாமிமாரும் காத்திருந்தவைதான்."

இருவர் சொன்னதும் நகுலேஸ்வரியின் மனதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இதற்கிடையில் சனிக்கிழமை தோறும் வந்து தொழுகை நடத்தும் ரப்பி, மார்க்கம் வழுவாதவர், அந்த நாட்டுக்காகவும் பிரார்த்தனை செய்தார். அவருக்கு இரண்டும் சேர்ந்தே இருந்தது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நகுலேஸ்வரிக்கு ஷிப்டில் நேரமில்லை. அதற்குத்தான் இராஜேந்திரன் இருக்கிறாரே. ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கியது. யூதராக இருப்பது ஒன்று, அந்த நாட்டை விரும்புவது வேறொன்று. சிலரிடம் இரண்டும் இருக்கும், சிலரிடம் ஒன்று மட்டும் இருக்கும்.

வீட்டில் இதைச் சொன்னபோது இராஜேந்திரன், "உனக்கு விசர்," என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

புதிதாக ஒன்றைப் படித்தவர்களுக்கு ஒரு வியாதி வரும். படித்ததை உடனே எங்கேயாவது பிரயோகித்துப் பார்க்க வேண்டும். நகுலேஸ்வரிக்கும் அந்த வியாதி வந்தது.

அடுத்த மாதம் கிழவரின் அலுமாரி லாச்சியை இழுத்துக் காலுறைகளை அடுக்கும்போது ஒரு பழைய துணிப்பை கையில் தட்டுப்பட்டது. உள்ளங்கையளவு. உள்ளே மண். மங்கிய மையில் 'ஜெருசலேம்' என்று எழுதியிருந்தது. நகுலேஸ்வரிக்குப் பகீரென்றது. ஒரு காகிதக் கொடிக்கே பட்டினி கிடந்த மனுஷன். கொண்டாட்டத்துக்கு வந்த யாரோ அந்த நாட்டு மண்ணையே கொண்டுவந்து லாச்சிக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கண்டால் இவர் உயிரையே விட்டுவிடுவார். அவர் தொழுகைக்குப் போயிருந்த நேரம். பையை ஏப்ரனுக்குள் ஒளித்து, சேர வேண்டிய இடத்தில் சேர்ப்போம் என்று நேரே மிஸிஸ் லெவினிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மிஸிஸ் லெவின் பையைப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார்.

"எனக்கு என்னத்துக்கடி மண்? நான் செத்தால் செத்ததுதான். பிள்ளையள் என்னை நினைச்சால் அதுதான் என்ர மறுமை. மறுமையை நம்புறது கிழவன். உது அவரின்ர. செத்த பிறகு எழும்பிப் போறதுக்கு வைச்சிருக்கிறார். ஓடு, ஓடு, தேடப்போறார்!"

நகுலேஸ்வரி ஓடினாள். ஆனால் பிந்திவிட்டது. கிழவர் தரையில் உட்கார்ந்திருந்தார். லாச்சி முழுவதும் கட்டிலில் கவிழ்ந்து கிடந்தது. ஒவ்வொரு காலுறைக்குள்ளும் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். கன்னத்தில் தாடி நனைந்திருந்தது. நகுலேஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது. பையைக் கட்டிலில் வைத்து, தான் செய்த மடத்தனத்தை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்து மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

"அப்பா முப்பத்திநாலாம் ஆண்டு ஜெருசலேமுக்குப் போய்க் கும்பிட்டவர். அப்ப அங்க இந்த நாடும் இல்லை, கொடியும் இல்லை. தான் செத்தால் தன்னோட புதைக்கவெண்டு ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டு வந்தவர். முப்பத்தொன்பதில என்னையும் தங்கச்சியையும் வியன்னாவில ரயிலேத்தி இங்கிலாந்துக்கு அனுப்பேக்க இதை என்ர கோட்டுப் பைக்குள்ள வைச்சார். எனக்கு ஆறு வயது. 'பின்னால வாறன், அதுவரைக்கும் கவனமா வைச்சிரு' எண்டார். அவர் வரேல்லை. அவருக்குப் புதைகுழியும் கிடைக்கேல்லை."

நகுலேஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கேட்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டாள். அவளுடைய ஆட்களில் செத்த எல்லாரும் சுடலையில் எரிக்கப்பட்டவர்கள், அதனால் கேட்டாள்.

"எரிஞ்சு சாம்பலாப் போனவையும் எழும்புவினமோ, ஐயா?"

"கடவுளுக்குச் சாம்பல் ஒரு கஷ்டமோ, பிள்ளை?"

அதன்பின் பல நாள், குளிசை கொடுக்கும் நேரமெல்லாம், அவர் சுவரிடம் மறுமையைப் பற்றிச் சொன்னார். உயிர் மேலே போகும். அழுக்கிருந்தால் கழுவப்படும். எவ்வளவு பொல்லாதவருக்கும் அது பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இல்லை. அதனால்தான் பெற்றவர்களுக்காகப் பிள்ளைகள் பதினொரு மாதம் மட்டும் பிரார்த்தனை சொல்கிறார்கள். பன்னிரண்டும் சொன்னால் அப்பா பொல்லாதவர் என்று ஊருக்கு அறிவித்த மாதிரி ஆகிவிடும். நகுலேஸ்வரிக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. தன் மாமியாருக்குப் பன்னிரண்டும் போதாது என்று அவள் மனதுக்குள் நினைத்ததை நாம் வெளியே சொல்லக்கூடாது. உயிர் திரும்பவும் வேறு உடம்பில் பிறக்கும் என்று சொல்கிற ஞானிகளும் தங்களுக்குள் உண்டு என்றார். "அப்ப நீங்களும் எங்கட ஆக்கள்தான்," என்று அவள் சொன்னதற்கு அவர் தாடிக்குள் ஏதோ முணுமுணுத்தார்.

கடைசியில் ஒரு நாள் வரும். கழுத்தடியில் மண்ணில் உக்கிப் போகாத சின்ன எலும்பொன்று இருக்கிறது, அதிலிருந்து முழு உடம்பும் முளைக்கும். இறந்தவர்கள் எழும்புவார்கள். ஜெருசலேம் இருக்கும் அந்த நிலத்துக்கு வெளியே புதைக்கப்பட்டவர்கள் பூமிக்கடியில் சுரங்கம் வழியாக உருண்டு உருண்டு அங்கே போய்ச் சேர வேண்டும். வழி நீளம், உடம்பு நோகும். பெட்டிக்குள் அந்த மண் ஒரு பிடி இருந்தால் அங்கேயே கிடந்த மாதிரி.

"மிச்சத்தில இருந்து ஹெண்டனுக்கு ரயிலில வாற மாதிரி," என்றாள் நகுலேஸ்வரி. "நிலத்துக்குக் கீழால, இடையில மாறாமல்."

கிழவரின் தோள் குலுங்கியது. சிரித்தாரா என்று அவள் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் அவர் ஒரு பொறுப்பை அவள் தலையில் வைத்தார்.

"என்ர மருமகன், தங்கச்சியின்ர மகன், நல்லவன். என்னில உயிர். ஆனா மார்க்கம் தெரியாது. அவன் இந்த மண்ணைப் பிழையா விளங்குவான். நீ பிழையா விளங்கித் திருந்தினவள். இது என்னோட வரவேணும். பாத்துக்கொள்ளுவியோ?"

"ஓம் ஐயா. நான் பாக்கிறன்."

யாழ்ப்பாணத்தாள் ஒருத்தி முழு மனதோடு ஒரு 'ஓம்' சொல்லிவிட்டால் அதற்கு மேல் கையெழுத்துத் தேவையில்லை.

போன மார்கழியில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, தொண்ணூற்றிரண்டாவது வயதில், கிரன்பெல்ட் ஐயா அமைதியாகக் கண்ணை மூடினார். ஒரு மணித்தியாலத்துக்குள் யூதர்களின் அடக்கச் சங்கத்தார் வந்து உடலை எடுத்துப் போனார்கள். யூதர்கள் இறந்தவரைக் காக்கவைக்க மாட்டார்கள். மறுநாள் வெள்ளி. மாலை நான்குக்கு முன் சூரியன் இறங்கி ஓய்வு நாள் தொடங்கிவிடும். ஆகவே வெள்ளி மத்தியானம் ஒரு மணிக்கு அடக்கம் என்று முடிவாயிற்று.

வெள்ளி காலை நகுலேஸ்வரி வேலைக்கு வந்ததும் முதல் வேலையாக மனேஜரிடம் மண்ணைப் பற்றிச் சொன்னாள். மனேஜர் முகத்தைச் சுளித்தார். இரவே ஐயாவின் மருமகன் ஏட்ரியன் சங்கத்துக்கு எழுதிவிட்டார். வழக்கமாக எல்லாப் பெட்டிக்குள்ளும் அந்த நிலத்து மண் கொஞ்சம் தூவுவார்களாம். தன் மாமாவுக்கு அது வேண்டாம், வாழ்நாள் முழுக்க அந்த நாட்டை எதிர்த்தவருக்கு அந்த நாட்டு மண்ணைப் போட்டு அவமதிக்கக் கூடாது என்று திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறார்.

"குடும்பம் சொன்னால் முடிஞ்சுது. நீங்கள் தலையிட்டு முறைப்பாடு ஏதும் வந்தால் உங்கட வேலையை நான் காப்பாத்த ஏலாது," என்றார் மனேஜர்.

நகுலேஸ்வரி கிழவரின் அறைக்குப் போனாள். இறந்தவரின் பொருளைப் பணியாளர் தொடுவது களவு. பதினான்கு வருடத்தில் அவள் ஒரு பிஸ்கட்டைக் கூட எடுத்ததில்லை. லாச்சியைத் திறந்தாள், பையை எடுத்தாள், சீருடைக்கு மேல் கோட்டை மாட்டினாள். நடைபாதையில் மிஸிஸ் லெவின் நடைவண்டியோடு வழிமறித்தார். கோட்டுப் பையின் வீக்கத்தைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. ஏழு வருடம் சாப்பாட்டு மேசையில் தினமும் சண்டை பிடித்த ஆள் போய்விட்டாரே.

"மண்ணோ?"

"ஓம், மிஸிஸ் லெவின்."

"போ. மனேஜரை நான் பிடிச்சு வைச்சிருக்கிறன். எனக்கு நெஞ்சு நோகுதெண்டு சொல்லப்போறன்."

சங்கத்தின் கட்டடத்துக்குப் பஸ்ஸில் இருபது நிமிடம். வாசலிலேயே ஏட்ரியன் நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், வழக்கறிஞர், தூக்கமில்லாத முகம். பக்கத்தில் சங்கத்து மனிதர் ஷ்முவேல், தடித்த உடம்பு, கையில் ஈரம் துடைத்த துவாய். உள்ளே கிழவரைக் கழுவி வெள்ளைத் துணி உடுத்தி முடித்திருந்தார்கள்.

நகுலேஸ்வரி பையை வெளியே எடுத்தாள்.

"இதை ஐயாவோட வைக்கவேணும்."

ஏட்ரியன் எழுத்தை வாசித்தார். முகம் இறுகியது. "உது மாமாவின்ர சாமானோ? உங்களிட்ட எப்பிடி வந்தது?"

"களவெடுத்துக்கொண்டு வந்தனான். பிறகு பொலிசுக்குச் சொல்லுங்கோ. முதல் நான் சொல்லுறதைக் கேளுங்கோ, தம்பி."

"இஞ்ச பாருங்கோ அம்மா. அந்த நாட்டுக்கு எதிரான ஊர்வலங்களில அவர் கறுப்புக் கோட்டோட முன்னுக்கு நிண்டவர். நான் பின்னுக்கு நிண்டனான். என்ர வாழ்க்கையில அவரைப் பாத்துத்தான் நான் பெருமைப்பட்டனான். செத்த பிறகு அவரின்ர கண்ணில அந்த நாட்டு மண்ணைப் போட நான் விடமாட்டன்."

நகுலேஸ்வரிக்கு அந்த மனிதர் மேல் கோபம் வரவில்லை. பாசத்தில்தான் பிழை விடுகிறார். அவளும் அப்படித்தான் விட்டாள். ஷ்முவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வழமையா நாங்கள் போடுறதுதான். ஆனா குடும்பத்தோட மல்லுக்கட்ட ஏலாது. பத்து நிமிசத்தில பெட்டியை மூடவேணும்."

"பத்து நிமிசம் காணும்," என்றாள் நகுலேஸ்வரி.

அவள் ஏட்ரியன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நான் யாழ்ப்பாணம். தொண்ணூற்றேழில கொழும்பில ஒரு லொட்ஜில இருக்கேக்க விடியக்காலமை ஆமிக்காரங்கள் வந்து எல்லாரையும் றோட்டில இறக்கினவங்கள். என்ர அடையாள அட்டையைப் பாத்தவன் ஒரு வார்த்தைதான் சொன்னவன். 'தமிழ், அப்ப புலி.' அஞ்சு மணித்தியாலம் வெய்யிலில நிண்டனான். நான் ஆர், என்ன நினைக்கிறன், என்ன கும்பிடுறன் எண்டு ஒருத்தனும் கேக்கேல்லை. ரெண்டையும் ஒண்டாக் கலக்கிறவனுக்குக் கேள்வி தேவையில்லை. உங்கட மாமா வாழ்நாள் முழுக்கச் சண்டை பிடிச்சது அந்தக் கலப்படத்தோட. கொடி வேற, கும்பிடுறது வேற எண்டு எனக்குச் சொல்லித்தந்தது அவர். இப்ப நீங்கள்தான் கலக்கிறீங்கள்."

ஏட்ரியன் வாயைத் திறந்தார். நகுலேஸ்வரி விடவில்லை. அவளை அடக்கப் பத்து நிமிடம் போதாது.

"அவரின்ர அறையில பெரிய ஜன்னல் இருக்கு. தோட்டம் தெரியும். ஒரு நாளைக்கு மூண்டு தரம் கும்பிடுவார். ஒரு நாளாவது ஜன்னலைப் பாத்துக் கும்பிட்டவரோ? உடுப்பு அலுமாரியைப் பாத்துத்தான் நிப்பார். நான் கூட முதல் சிரிச்சனான், என்ன மனுசன் அலுமாரியைக் கும்பிடுதெண்டு. ஜெருசலேம் அந்தப் பக்கம். கால் ஏலாத காலத்திலயும் கதிரையைத் திருப்பித் தரச்சொல்லி அந்தப் பக்கம்தான் இருந்தவர். அந்த அரசாங்கம் வேண்டாமெண்டவர் அந்த இடத்தை வேண்டாமெண்டு ஒரு நாளும் சொல்லேல்லை. கடவுள் எழுப்பேக்க அங்க போகவேணுமெண்டுதான் இவ்வளவு காலமும் காத்துக்கொண்டிருந்தவர்."

ஏட்ரியனின் கண் துணிப்பையிலேயே நின்றது.

"இந்த மண் முப்பத்திநாலாம் ஆண்டு மண். அந்த நாடு துவங்க முந்தியே இது வியன்னாவுக்கு வந்திட்டுது. கொண்டுவந்தது உங்கட அம்மாவின்ர அப்பா, தன்னோட புதைக்கவெண்டு. அவருக்குக் குழி கிடைக்கேல்லை. ஆறு வயசுப் பிள்ளை கோட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு வந்து, எண்பத்தாறு வருசம் காவல் காத்திருக்கு. நீங்கள் வேண்டாமெண்டால் நான் இதை என்ன செய்யிறது, சொல்லுங்கோ. குப்பையில போடட்டோ?"

தெருவில் ஒரு பஸ் நின்று புறப்பட்டது. ஏட்ரியன் கையை நீட்டினார். நகுலேஸ்வரி பையை அந்தக் கையில் வைத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் மூடிப் பிடித்தார். தாத்தாவின் ஒரு படத்தைக் கூட அவர் கண்டதில்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"அம்மா ஒரு நாளும் இதைப் பற்றிச் சொல்லேல்லை," என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பையை ஷ்முவேலிடம் கொடுத்தார். "நான் எழுதினதை விடுங்கோ. இதைப் போடுங்கோ. முழுக்கப் போடுங்கோ."

ஷ்முவேல் பையை வாங்கிக்கொண்டு ஓடினார். அவ்வளவு தடித்த உடம்பு அப்படி ஓடும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, "கண்ணில, நெஞ்சில, கையில. எல்லாம் வைச்சாச்சு," என்று நகுலேஸ்வரியைப் பார்க்காமல், கதவைப் பார்த்துச் சொன்னார். நகுலேஸ்வரிக்கு வந்த சந்தோஷத்துக்கு அந்தக் கதவையே கட்டிப்பிடித்திருப்பாள். வென்றுவிட்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். அவளுக்கு அந்தக் கணத்தில் ஆறடி உயரம் வந்துவிட்டது போலிருந்தது.

ஏட்ரியன் தன் காரில் அவளையும் ஏற்றிக்கொண்டார். வழியில் மனேஜருக்குத் தானே போன் போட்டு, "நகுலேஸ்வரி என்னோட நிக்கிறா. மாமாவின்ர பொருளொண்டைக் கொண்டுவரச் சொல்லி நான்தான் கேட்டனான்," என்றார். வழக்கறிஞர் பொய் சொல்லும்போது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நகுலேஸ்வரி நினைத்துக்கொண்டாள். மிஸிஸ் லெவினின் நெஞ்சு நோவும் தானாகவே குணமாகிவிட்டதாகத் தகவல் கிடைத்தது.

மயானத்தில் குளிர் காதைக் கடித்தது. நகுலேஸ்வரி பிறந்ததிலிருந்து சுடலைப் பக்கம் போனதில்லை. அவள் ஊரில் பெண்கள் வீட்டு வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள். இங்கே ஒதுங்கி ஒரு மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பூ இல்லை, மேளம் இல்லை. பலகைப் பெட்டி இறங்கியது. ஆண்கள் ஒவ்வொருவராக மண் தள்ளினார்கள். மண்வெட்டியைக் கைக்குக் கை மாற்றாமல், குத்தி வைத்துவிட்டு விலக, அடுத்தவர் எடுத்தார். ஏட்ரியன் ஒரு காகிதத்தைப் பார்த்துத் தட்டுத் தடுமாறிப் பிரார்த்தனை சொன்னார். கடவுளை நம்பாதவர், ஒரு சொல்லையும் விடாமல் சொன்னார். சுற்றி நின்றவர்கள் உரத்த குரலில் 'ஆமென்' என்றபோது அவர் குரலும் உரத்தது.

இரண்டு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்தது. ஓய்வு நாள் வருகிறது என்று எல்லாரும் கார்களை நோக்கி விரைந்தார்கள். நகுலேஸ்வரி மட்டும் புதிய மண்மேட்டுக்குக் கிட்டப் போனாள்.

அவளுடைய ஆட்களிடம் ஒரு கண்டிப்பான வழக்கம். செத்தவீட்டுக்குப் போனால் புறப்படும்போது 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழும்பி வந்துவிட வேண்டும். இறந்தவரிடம் திரும்பி வருவதைப் பற்றிக் கதைக்கக் கூடாது. தாய்க்கும் அவள் சொல்லவில்லை, தகப்பனுக்கும் சொல்லவில்லை. ஐம்பத்தெட்டு வயதுவரை அந்த வழக்கத்தை ஒரு நாளும் மீறியதில்லை.

அவள் கோட்டை இழுத்து மூடிக்கொண்டு, மயானம் முழுவதற்கும் கேட்கும் குரலில் சொன்னாள்.

"போட்டு வாறன், ஐயா. நீங்களும் எழும்பி வாங்கோ."